பின்பாரம்

"எங்க பங்குக் கோயிலுக்குப் புதுசா வாங்கின சாவு வண்டியும் இதே நீட்டம்தாங்க மச்சான். கண்ணாடி கூட இதே மாதிரி, கடைசி வரைக்கும்."

மாதவராஜ் சிரித்துக்கொண்டுதான் சொன்னான். இன்னாசிராஜின் கடைசித் தங்கை தெரசாவைக் கட்டியவன். கேலி பேச உரிமையுள்ளவன். ஆனாலும் நல்ல காரியத்துக்குப் புறப்படுகிற நேரத்தில் அந்த வார்த்தை வாசலில் விழுந்தது இன்னாசிராஜுக்குப் பிடிக்கவில்லை. அதை முகத்தில் காட்டாமல் முதுகை இன்னும் கொஞ்சம் நிமிர்த்திக்கொண்டார்.

"மாப்ள, உன் வண்டி ஆளுங்க உக்கார்ற எடத்தோட முடிஞ்சு போச்சு. அதுக்கப்புறம் ஒரு பொட்டிய ஒட்டி வெச்சிருக்கான், அவ்ளோதான். என்னுது பின்பம்பர் வரைக்கும் வண்டி."

"பொட்டின்னாலும் பூட்டு இருக்குதுங்களே."

"பூட்டிக் கொண்டாறதுக்கு நாங்க என்ன திருடிட்டா வரோம்?"

மாதவராஜோடு வந்திருந்த அவன் அக்கா ஜோஸ்பின் இதற்குச் சிரிக்கவில்லை. மாதவராஜ் ஓட்டி வந்த செடான் காரின் முன்சீட்டில் உட்கார்ந்து, சீர் ஏற்றுவதைக் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னென்ன வருகிறது என்று போய்ச் சொல்ல வேண்டியவள் அவள்தான்.

தெரசா ஓமலூர் பக்கம் புது வீடு கட்டியிருந்தாள். அன்று வீடு மந்திரிப்பு. பிறந்த வீட்டுச் சீர் வராமல் சாமியார் தீர்த்தம் தெளிக்க மாட்டார் என்பதல்ல. தெளித்தாலும் ஊர் ஒப்புக்கொள்ளாது. அப்பா போன பிறகு அவளைத் தூக்கி வளர்த்து, படிக்கவைத்துக் கட்டிக்கொடுத்தவர் இன்னாசிராஜ். ஆகவே காரிமங்கலத்திலிருந்து போகிற சீர் அவர் கையால், அவர் வண்டியில்தான் போக வேண்டும். வாடகைக்கு ஒரு குட்டியானை லோடு வண்டி பிடித்து அனுப்பிவிடலாம் என்று மனைவி மதலேனம்மாள் சொன்னது அவருக்கு ஒப்பவில்லை. கோழித் தீவனம் ஏற்றிய வண்டியிலா சீர் போவது?

தன் வண்டியை அவர் ஓசூரில் ஒரு எஞ்சினியரிடமிருந்து வாங்கியிருந்தார். ஸ்டேஷன் வேகன். சுற்றுப்பட்டு ஊர்களில் வேறு யாரிடமும் இல்லை. பார்த்தவர்கள் ஆம்புலன்ஸ் என்பார்கள், ஸ்கூல் வேன் என்பார்கள். அவர் எல்லாருக்கும் ஒரே பதிலைத்தான் சொல்வார். இதே கம்பெனியில் இதே பெயரில் செடானும் வந்தது. அதே எஞ்சின், அதே கியர், அதே சக்கரம். கூரை மட்டும் டிக்கியின் மேல் இறங்காமல் நேராகப் போய் முடியும். இரண்டையும் அவர் ஓட்டிப் பார்த்திருக்கிறார். காலியாக ஓட்டினால் கண்ணைக் கட்டிவிட்டாலும் எது எது என்று சொல்ல முடியாது. வளைவில் அதே பிடிமானம், பிரேக்கில் அதே நிதானம். இது உண்மைதான். காலியாக ஓட்டினால்.

அன்று வண்டி காலியாக இல்லை.

பித்தளை அண்டா, வெண்கலப் பானை, அரிசி மூட்டை, பருப்பு மூட்டை, எவர்சில்வர் தவலைகள், எல்லாவற்றுக்கும் மேலாக அம்மியும் குழவியும். புது வீட்டுக்குப் பிறந்த வீட்டிலிருந்து கல் போக வேண்டும். மிக்ஸி வந்த பிறகும் அவர் வீட்டில் அந்த வழக்கத்தை விட்டதில்லை. அந்த அம்மியை இரண்டு ஆட்கள் மூச்சு வாங்கத் தூக்கி வந்தார்கள்.

"சீட்டுக்கு ஒட்டினாப்ல வெச்சிரலாங்களா?" என்று கேட்டார்கள்.

"கடைசியில வைங்க. கண்ணாடிக்குப் பக்கத்துல. வழியில பாக்கறவன் எல்லாம் பாக்கட்டும்."

அம்மி கடைசியில் போனது. அதன் மேல் குழவி. பக்கத்தில் அண்டா. வண்டியின் பின்பக்கம் உட்கார்ந்தது. முன்பக்கம் மூக்கைத் தூக்கியது. சிறுவயதில் மாட்டு வண்டி ஓட்டியவர் இன்னாசிராஜ். பின்பாரம் ஏறினால் நுகத்தடி மேலே எழும்பி மாட்டின் கழுத்துக் கயிறு இறுகும் என்று தெரிந்தவர். ஆனால் காருக்குத்தான் கழுத்து இல்லையே.

அந்தக் குடும்பத்தில் சீருக்குக் கயிறு போட மாட்டார்கள். கயிறு போட்டு ஒரு வீட்டுப் பொருள் ஒரே ஒரு காரியத்துக்குத்தான் போகும்: உறவை அறுத்துக்கொண்டு பெண்ணைப் பிறந்த வீட்டுக்குத் திருப்பி அனுப்புவதற்கு. இன்னாசிராஜின் அத்தை ஒருத்தியை அப்படி ஏரியூரிலிருந்து அனுப்பினார்கள். கட்டிலும் பெட்டியும் பானையும் கயிற்றால் இறுக்கிக் கட்டப்பட்டு வாசலில் இறங்கியபோது, அவர் அப்பா அந்தக் கயிற்றைத் தொடவே இல்லையாம். கட்டி வந்த பொருள் என்றால் இன்றைக்கும் அந்தப் பக்கத்துச் சனங்களுக்கு ஒரே அர்த்தம். ஜோஸ்பினின் குடும்பமும் அதே சனம்தான்.

புது வீட்டில் வைக்க வேண்டிய மாதா சுரூபம் முன்சீட்டில் ஏறியது. எந்த ஊர்வலத்திலும் சுரூபம்தான் முன்னால் போகும். அதற்கு சீட் பெல்ட்டை இழுத்து மாட்டினார் இன்னாசிராஜ். பின்சீட்டில் மதலேனம்மாளும் மகள் அருள்ராணியும் ஏறினார்கள். அருள்ராணி பிரசவத்துக்கு வந்தவள். கைக்குழந்தைக்கு இன்னும் தலை நிற்கவில்லை.

"மாதாவுக்கு பெல்ட் போட்டாச்சு. சீருக்கு மட்டும் கூடாதாப்பா?" என்றாள்.

"வாய வெச்சிக்கிட்டு சும்மா இரு."

"சும்மாதான் இருக்கறேன். பின்னால அந்த அம்மிதான் சும்மா இருக்கணும்."

மதலேனம்மாள் மகளின் தொடையைக் கிள்ளினாள். இன்னாசிராஜ் சாவியைத் திருகினார். இடதுபக்கப் பின்சீட்டின் சாய்மானத்தைப் பிடித்திருக்கும் கொக்கி தேய்ந்துபோய் லேசாக ஆடும் என்பது அவர் ஒருவருக்குத்தான் தெரியும். மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும் என்று நினைத்து நினைத்தே தள்ளிப்போயிற்று. பின்னால் கிடக்கிற அத்தனைக்கும் மகளின் முதுகுக்கும் நடுவில் இருப்பது அந்தச் சாய்மானம் ஒன்றுதான் என்று வண்டி தெருமுனை திரும்பும்போது மனதில் ஓடியது. ஓடியதை அங்கேயே நிறுத்தினார்.

நெடுஞ்சாலையில் ஏறியதும் பயம் கொஞ்சம் தணிந்தது. முன்னால் மாதவராஜின் வெள்ளைச் செடான். அவன் எவ்வளவு வேகத்தில் போனாலும் இவர் வண்டி சளைக்காமல் தொடர்ந்தது. பாரம் ஏறியிருந்ததால் மேடு ஏறுகையில் கொஞ்சம் முனகியது, அவ்வளவுதான். தர்மபுரி புறவழிச் சாலையில் அவனைத் தாண்டியே போய்க் காட்டினார். தாண்டும்போது ஜோஸ்பின் கண்ணாடி வழியாக அண்டாவைப் பார்த்ததை இவரும் பார்த்தார்.

"ஏங்க, மெதுவா" என்றாள் மதலேனம்மாள்.

"அவன் சாவு வண்டின்னான் இல்ல? பாக்கட்டும்."

ஆனால் ஒன்றை அவர் கவனித்துக்கொண்டுதான் வந்தார். ஸ்டீயரிங் கையில் கனமில்லாமல் இருந்தது. வழக்கமாக அந்த வண்டி ரோட்டின் ஒவ்வொரு கல்லையும் உள்ளங்கைக்குச் சொல்லும். இன்று ஒன்றும் சொல்லவில்லை. ஒரு பஸ் பக்கத்தில் பறந்து போனபோது அந்தக் காற்றில் வண்டியின் பின்புறம் மட்டும் ஒருமுறை அசைந்து, பிறகு தாமதமாகத் தன் இடத்துக்கு வந்தது. தண்ணீரில் படகு திரும்புகிற மாதிரி. பின்னால் வந்த செடானைப் பக்கக் கண்ணாடியில் பார்த்தார். அதே பஸ் தாண்டியும் அது கோடு போட்டாற்போல வந்துகொண்டிருந்தது.

பாளையம் சுங்கச்சாவடி தாண்டியதும் மாதவராஜ் ஹாரன் அடித்து அவரையும் ஓரமாக நிறுத்தவைத்து இறங்கி வந்தான். முகத்தில் கேலி இல்லை.

"மச்சான், பின்னால இருந்து பாத்தேன். உங்க வண்டி வாலைத் தரையில தேய்க்குது. இனிமே தொப்பூர் எறக்கம். அந்தக் கல்ல மட்டும் என் டிக்கியில போட்டுக்கறேன். என் வண்டியில சீட்டுக்குப் பின்னால தகடு இருக்குது, உருண்டாலும் ஆள் மேல வராது."

"சீரை டிக்கியில போட்டு மூடிக்கிட்டு வர்றதா?"

"சரி, அப்ப ஒரு கயிறாவது..."

இன்னாசிராஜ் அவனைப் பார்த்தார். அவன் பாதியில் நிறுத்திக்கொண்டான்.

"சரிங்க, வேணாம். அருளையும் கொழந்தையையும் அவங்கம்மாவையும் என் வண்டியில ஏத்துங்க. பின்சீட்டு காலியாத்தான் கெடக்குது."

அந்த நேரத்தில் சரி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். வாய் வரைக்கும் வந்தது. செடானின் கதவு திறந்து ஜோஸ்பினும் இறங்கி வந்துகொண்டிருந்தாள். "என்னாங்க, வண்டி தாங்கலையா?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள்.

"எங்க வூட்டுப் பொம்பளைங்க சீரோடதான் வந்து எறங்குவாங்க" என்றார் இன்னாசிராஜ். "நீ முன்னால போ மாப்ள."

இறக்கம் தொடங்கியது.

முதல் வளைவிலேயே அந்தச் சத்தம் கேட்டது. கரகரவென்று எதுவோ வலமிருந்து இடமாக உருண்டு, டக் என்று இடப்பக்கத் தகட்டில் முட்டி நின்றது. அடுத்த வளைவில் இடமிருந்து வலமாக. அம்மியின் மேலிருந்த குழவி இறங்கிவிட்டது.

"அப்பா, என்னமோ உருளுது."

"ஒண்ணுமில்ல."

"குழவிதாங்க" என்றாள் மதலேனம்மாள், பின்னால் திரும்பிப் பார்க்காமலே. வாழ்நாளெல்லாம் அதைப் பிடித்து அரைத்தவளுக்குச் சத்தம் போதும்.

வண்டியின் மூக்கு கீழே சாய்ந்ததும் பின்னால் இருந்த பாரம் முழுவதும் முன்னால் வரப் பார்த்தது. இன்னாசிராஜ் மூன்றாவது கியருக்கு இறக்கினார். எஞ்சின் உறுமி இழுத்துப் பிடித்தது. ஆனால் பிரேக்கைத் தொட்ட ஒவ்வொரு முறையும் பின்னால் மூட்டைகள் ஒரு விரல் அளவு நகர்வது முதுகுக்குத் தெரிந்தது. அண்டா ஒருமுறை மணி போல அதிர்ந்தது. அந்த அதிர்வு அடங்குவதற்குள் அடுத்த வளைவு வந்தது. வளைவின் நடுவில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தார். உடனே வண்டியின் பின்புறம் வெளிப்பக்கமாக ஒரு முழம் போனது. முன்சக்கரங்களில் பிடிமானம் இல்லை. ஸ்டீயரிங்கைத் திருப்பினால் ஒரு கணம் கழித்துத்தான் வண்டிக்குக் கேட்டது.

இது அவர் வண்டி இல்லை. அவருக்குத் தெரிந்த வண்டி காலையில் வாசலிலேயே நின்றுவிட்டது. இப்போது கையில் இருப்பது வேறெதுவோ.

முன்னால் மாதவராஜின் செடான் ஒவ்வொரு வளைவிலும் குனிந்து நிமிர்ந்து, பிரேக் விளக்கை ஒருமுறை சிமிட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தது. பாரம் இல்லை, உயரம் இல்லை, பின்னால் உருள்வதற்கு எதுவும் இல்லை. ரோட்டோரத்தில் போலீஸ் மைக்கில் மெதுவாகப் போகச் சொல்லி ஒரு குரல் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது. எங்கிருந்தோ லாரிகளின் பிரேக் கருகிய நாற்றம் உள்ளே வந்தது. அது லாரிகளுடையதா, தன்னுடையதா என்று அவருக்குத் தெரியவில்லை.

கண்ணாடியில் பார்த்தார். பின்கண்ணாடியை அண்டா பாதி மறைத்திருந்தது. மீதிப் பாதியில் ஒரு லாரியின் முகம். மிகப் பக்கத்தில். அதற்கும் நிற்க முடியாது. இவருக்கும் நிற்க முடியாது.

நிறுத்தினால்தானே ஆபத்து, நிறுத்தாமலே இறங்கிவிட்டால் போகிறது என்று மனதைத் தேற்றிப் பார்த்தார். தேறவில்லை. அவர் நினைவெல்லாம் இடப்பக்கக் கொக்கியிலேயே இருந்தது. அந்தச் சாய்மானத்தில்தான் மகள் சாய்ந்திருந்தாள். ஒன்றுவிட்டு ஒரு வளைவில் குழவி வந்து முட்டுவதும் அந்தப் பக்கம்தான்.

"அருளு."

"என்னப்பா?"

"நடுவுல வந்து உக்காரு. அம்மாவ ஒட்டி."

"எதுக்கு? கொழந்த தூங்கறான்..."

"வான்னா வா."

அவர் குரலில் இருந்தது கோபமில்லை என்று மகளுக்குப் புரிந்துவிட்டது. அப்பாவின் கோபம் அவளுக்குப் பழக்கம். இது பழக்கமில்லாத குரல். ஒரு வார்த்தை பேசாமல் குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நகர்ந்தாள். மதலேனம்மாள் மகளின் தோளைச் சுற்றிக் கையைப் போட்டாள். "அருள் நிறைந்த மரியே" என்று ஆரம்பித்தாள்.

"ஏங்க" என்றாள் பிறகு. "உங்களுக்குப் பயமா இருக்குதா?"

முப்பது வருஷத்துக்கும் மேலாக அவள் அவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

வளைவு திரும்பியதும் எதிரே எல்லாம் நின்றுகொண்டிருந்தது. லாரிகள், ஒரு பஸ், எல்லாவற்றின் பின்விளக்குகளும் சிவப்பாக. கீழே எங்கோ ஏதோ ஆகியிருக்க வேண்டும். செடானின் விளக்கும் சிவந்தது. அது மூக்கைக் குத்தி, கொஞ்ச தூரத்திலேயே அசையாமல் நின்றது. அவ்வளவு குறைந்த தூரத்தில் நிற்க முடிகிறது அதற்கு.

இன்னாசிராஜின் கால் பிரேக்கின் மேல் போனது. அழுத்தினார். உடனே பின்னால் எல்லாம் ஒன்றாகக் கிளம்புகிற சத்தம் கேட்டது. கல் தகட்டைக் கீறுகிற சத்தம். காலைத் தளர்த்தினார். சத்தம் நின்றது. ஆனால் செடானின் வெள்ளைப் பின்புறம் பெரிதாகிக்கொண்டே வந்தது. முழுதாக அழுத்தினால் வண்டி நிற்கும்; அம்மி நிற்காது. அழுத்தாவிட்டால் மாதவராஜும் ஜோஸ்பினும். பின்னால் லாரியின் ஹாரன் நீளமாக அலறியது.

இடப்பக்கம் மலையை வெட்டிய சுவர். அதன் அடியில் சாலை வேலைக்காக ஓரமாக நெடுகக் கொட்டியிருந்த மண். அவர் யோசித்ததாக அவருக்கு நினைவில்லை. ஸ்டீயரிங்கை இடப்பக்கம் ஒடித்தார். இந்த முறையும் வண்டி ஒரு கணம் கழித்துத்தான் கேட்டது. பிறகு இடது சக்கரங்கள் மண்ணில் ஏறின. வண்டி சாய்ந்தது. அவர் அத்தனை வருஷமாகத் துடைத்துத் துடைத்து வைத்திருந்த பக்கவாட்டுத் தகடு பாறையில் உராய்ந்து கிழிகிற சத்தம் காதைப் பிளந்தது. மண் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டது, விட்டது, மறுபடி பிடித்தது. வேகம் குறையக் குறைய, பின்னாலிருந்த கல்லும் மெதுவாக, மிக மெதுவாக முன்னால் வருவதை அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். டக் என்று கொக்கி விட்டது.

பிறகு சத்தமில்லை. வண்டி நின்றிருந்தது. லாரி ஹாரனை விடாமல் வலப்பக்கமாக ஒதுங்கி, கொஞ்சம் தள்ளிப் போய் நின்றது.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்ப முடியவில்லை. கழுத்து அப்படியே இறுகிவிட்டது. மாதா சுரூபம் பெல்ட்டுக்குள் கொஞ்சம் சாய்ந்து அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"அருளு" என்றார். பதில் இல்லை. "மதலேனா."

குழந்தை வீறிட்டு அழுதது. அப்போதுதான் அவர் மூச்சு விட்டார்.

"இருக்கறோம்பா" என்றாள் அருள்ராணி. "எல்லாரும் இருக்கறோம்."

கதவைத் திறந்துகொண்டு இறங்கினார். கால் மண்ணில் புதைந்தது. பின்கதவு வழியாகப் பார்த்தார். இடப்பக்கச் சாய்மானம் முன்னால் மடிந்து, சீட்டின் மேல் படுத்துக் கிடந்தது. அதன் மேல் அம்மி ஏறி நின்றது. குழவி அதைத் தாண்டி உருண்டு, கால் வைக்கும் பள்ளத்தில் கிடந்தது. சற்று முன்வரை மகள் குழந்தையோடு உட்கார்ந்திருந்த இடம் என்று அங்கே எதுவும் இல்லை. நடுவில், அம்மிக்கு ஒரு சாண் தள்ளி, அருள்ராணி குழந்தையின் தலையைத் தன் கையால் மூடியபடி உட்கார்ந்திருந்தாள்.

மாதவராஜ் ஓடி வந்தான். அம்மியைப் பார்த்தான். குழந்தையைப் பார்த்தான். இருவருமாகப் பெண்களைக் கைத்தாங்கலாக இறக்கினார்கள். இந்த முறை இன்னாசிராஜே அவர்களைச் செடானின் பின்சீட்டில் உட்காரவைத்தார்.

லாரிக்காரரும் இறங்கி வந்தார். அர்ச்சுனன் என்று பெயர் சொன்னார். அரூர் பக்கத்து ஆள். வந்ததும் வாய்க்கு வந்தபடி திட்டினார். "பெரியவரே, நான் மட்டும் ஒதுக்கலன்னா என்னாயிருக்கும்? அத்தினி பாரத்தயும் சும்மா தூக்கிப் போட்டுக்கிட்டு எறங்குவாங்களா இந்த மலையில?"

இன்னாசிராஜை ஊரில் அப்படி யாரும் பேசியதில்லை. அவர் தலை குனியவில்லை. "ஒதுக்கினதுக்கு நீங்க நல்லா இருக்கணும். உங்ககிட்ட கயிறு இருந்தா குடுங்க" என்றார்.

மாதவராஜ் அவரைத் திரும்பிப் பார்த்தான்.

அம்மியைக் கீழிறக்கி, மடிந்த சாய்மானத்தைத் தூக்கி நிறுத்தி, கல்லை முன்சீட்டுகளுக்குப் பின்னால், கால் வைக்கும் பள்ளத்தில் ஒட்டி வைத்து, எல்லாவற்றையும் தார்ப்பாய்க் கயிற்றால் குறுக்கும் நெடுக்குமாக இழுத்துக் கட்டினார்கள். முடிச்சைப் போட்டது அர்ச்சுனன். கயிற்றை இழுத்துப் பிடித்தது இன்னாசிராஜ்.

ஜோஸ்பின் பக்கத்தில் வந்து நின்றாள். கயிற்றையே பார்த்தாள்.

"உசுரு தப்பிச்சது மாதா புண்ணியம்தாங்க. ஆனா இப்படிக் கட்டின சீரையா எங்க வூட்டு வாசப்படி ஏத்தப் போறீங்க? பாக்கறவங்க என்னா நெனப்பாங்க? தெரசா என்னா நெனப்பா?"

"அக்கா, கம்முனு இரு" என்றான் மாதவராஜ். பிறகு இன்னாசிராஜிடம் தாழ்ந்த குரலில், "கீழ எறங்கினதும் ஓமலூருக்கு முன்னால ஓரங்கட்டி அவுத்துடலாங்க மச்சான். யாருக்கும் தெரியாது. நாங்க ரெண்டு பேரும் வாயத் தொறக்க மாட்டோம்."

யாருக்கும் தெரியாது. நல்ல யோசனைதான். அவன் பாசத்தில் சொன்னது. ஆனால் தங்கை வீட்டு வாசலில் ஒரு பொய்யை இறக்கிவைத்து, அதன் மேல் சாமியாரைத் தீர்த்தம் தெளிக்கச் சொல்வதா? நாளைக்கு ஜோஸ்பின் சொல்லி வெளியே வருவதற்கும், இன்றைக்குத் தன் வாயால் தான் சொல்வதற்கும் இடையில்தான் அவருடைய அப்பாவும் தாத்தாவும் காத்து வைத்த பெயர் நிற்கிறது என்று அவருக்குப் பட்டது.

"கட்டினது கட்டினபடியே வரும்" என்றார். "கேக்கறவங்களுக்கு நான் சொல்லிக்கறேன்."

கீழே அடைப்பு விலகியதும், மாதவராஜைப் பின்னால் வரச் சொல்லிவிட்டு, மீதி மலையை அவர் தனியாக இறங்கினார். முதல் கியரில், நான்கு பக்க விளக்கும் மினுக்க, ஆமை போல. கயிறு முறுக்கிக்கொண்டு ஒவ்வொரு வளைவிலும் கிரீச்சிட்டது, ஆனால் எதுவும் நகரவில்லை. பாரம் முன்னால் வந்ததில் ஸ்டீயரிங்குக்குக் கனம் திரும்பியிருந்தது. வண்டி மறுபடி கேட்டது. ஆனாலும் பயம் போகவில்லை. எஞ்சினின் ஒவ்வொரு மூச்சுக்கும் கால் தானாக விறைத்தது. பின்னால் லாரிகளும் பஸ்களும் வரிசையாகச் சேர்ந்து ஹாரன் அடித்தன. ஒரு பஸ்காரர் தாண்டிப் போகும்போது, கிழிந்த பக்கவாட்டைப் பார்த்துக் கையை ஆட்டி ஏதோ சொல்லிவிட்டுப் போனார். அவர் யாருக்காகவும் வேகத்தைக் கூட்டவில்லை.

தெரசாவின் புது வீட்டு வாசலில் பந்தல். சாமியார் வந்து காத்திருந்தார். சொந்தமெல்லாம் சுற்றி நின்றது. அண்ணன் வண்டியைப் பார்த்ததும் தெரசா படியிறங்கி ஓடி வந்தாள். பின்கண்ணாடி வழியே அண்டா தெரிந்தது. அண்டாவின் மேல் குறுக்கே போன கயிறும் தெரிந்தது.

அவள் அப்படியே நின்றாள். முகத்தில் இருந்த சிரிப்பு இருந்த இடத்திலேயே உறைந்து, வேறெதுவோ ஆயிற்று. என்ன தப்பு செய்தோம், அண்ணனுக்கு என்ன கோபம், யார் என்ன சொன்னார்கள் என்று அவள் கண் ஒவ்வொரு முகமாகத் தேடியது. பந்தலுக்குள் பேச்சு ஒவ்வொரு பக்கமாக அடங்கியது. கயிற்றைப் பார்த்தவர்கள் பார்க்காதவர்களுக்குக் காட்டினார்கள்.

இன்னாசிராஜ் இறங்கினார். கதவைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து நின்று, எல்லாருக்கும் கேட்கிற குரலில் சொன்னார்.

"கட்டக்கூடாதுன்னு தெரியும். கட்டாமத்தான் கெளம்பினேன். மாப்ள சொல்லியும் கேக்கல. தொப்பூர் எறக்கத்துல வண்டி என் கைக்கு அடங்கல. அம்மிக்கல்லு அருளு உக்காந்த எடத்துல வந்து விழுந்துச்சு. அதனால நான்தான் கயிறு போட்டேன். நம்ம ஒறவுல ஒரு முடிச்சும் அவுரல. யாருக்காச்சும் கேக்கணும்னா என்னக் கேளுங்க, தெரசாவக் கேக்க வேணாம்."

யாரும் கேட்கவில்லை. மாதவராஜ் வீட்டுப் பெண் ஒருத்தி ஏதோ சொல்ல வாயெடுத்து, பிறகு சேலைத் தலைப்பை இழுத்து விட்டுக்கொண்டாள்.

தெரசாவின் பார்வை கயிற்றிலிருந்து அண்ணனின் கிழிந்த வண்டிக்கும், அங்கிருந்து வண்டியின் காலி பின்சீட்டுக்கும் போனது.

"அண்ணா" என்றாள். "கொழந்த எங்க?"

செடானில் என்று சொல்ல வேண்டும். மாதவராஜின் வண்டியில், பின்சீட்டில், தானே தன் கையால் உட்காரவைத்தது. அது அவருக்குத் தெரியும். ஆனாலும் வாய் திறக்கவில்லை. தெருமுனையைப் பார்த்தார். லாரிகளின் நடுவே எங்கோ பின்தங்கியிருந்த அந்த வெள்ளை வண்டி இன்னும் திரும்பவில்லை. தெரசா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். வாசலில் நின்ற அத்தனை பேரும் அவர் பார்த்த பக்கமே பார்த்தார்கள். வண்டி திரும்பி, பந்தலருகே வந்து நின்று, கதவு திறந்து, அருள்ராணி குழந்தையோடு தரையில் கால் வைக்கிற வரைக்கும் அவர் அந்தக் கையை விடவில்லை.